அடுத்தவர் சத்தம் கொடுத்த பியானோ

வடலித்துறைக்கு ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் உப்பளம், நடுவில் ஒரு கோயில், கோயிலை ஒட்டி ஒரு மண்டபம், மண்டபத்துக்குள் ஒரு பியானோ. இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

மீன் விற்கிறவளும் ஐஸ் உடைக்கிறவனும் பியானோவைப் பற்றி வாய் கிழியப் பேசுவார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவர்களுக்கு எங்கள் காதைப் பற்றித் தெரியாது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஒரு வல்லம் வரும்போதே, இன்ஜின் இருமுகிற இருமலை வைத்து அது யார் வல்லம் என்று கரையில் நின்று சொல்லிவிடுகிற காது எங்களுக்கு. மண்டபத்துக்கு வெளியே நின்றே உள்ளே வாசிக்கிறது யார் என்று சொல்லிவிடுவோம், அதுவும் அவரவர் தப்பை வைத்துச் சொல்லுவோம், ஏனென்றால் சரியாக வாசிக்கிற இடத்தில் எல்லாரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள், தப்பில்தான் முகம் தெரியும்.

இசைக்காரர்களுக்குக் காவல் புனித செசிலியம்மா. அந்த அம்மா திருநாளன்று வருசா வருசம் பியானோ போட்டி நடக்கும், ஜெயிக்கிறவருக்கு ஒரு கப்பும் ஒரு சாவியும் கொடுப்பார்கள். கப்பைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சாவிதான் பரிசு, ஏனென்றால் பியானோ மூடியின் பூட்டுக்கு ஊரில் அந்த ஒரு சாவிதான் உண்டு, அதை வைத்திருக்கிறவர் மட்டும்தான் அடுத்த திருநாள்வரைக்கும் மூடியைத் திறந்து பழகலாம், மற்றவர்கள் ஆர்மோனியத்திலோ தொடையிலோ சாப்பாட்டு மேசையிலோ பழகிக்கொள்ள வேண்டியது. எந்தக் காலத்துச் சாமியார் போட்ட சட்டமோ தெரியாது, பியானோவுக்குள் சிப்பி போட்டு விளையாடிய பிள்ளைகளுக்குப் பயந்து போட்டது என்பார்கள்.

ஒன்பது வருசமாக அந்தச் சாவி ஹைஜினஸ் மிராண்டாவின் இடுப்பில் இருந்தது. உப்புக் கம்பெனியில் மேற்பார்வை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பேச்சு மட்டும் முற்றும் துறந்தவர் பேச்சு. "இசை என்ன ஓட்டப்பந்தயமா? இசை ஒரு ஜெபம். நான் யாரோடயும் போட்டி போடுதது இல்ல" என்பார், சொல்லிவிட்டு விண்ணப்பத் தாளில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவார், ஜெயித்த கப்புகளை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒவ்வொன்றாக இறக்கித் துடைப்பார். கடைசி ஸ்வரத்தில் பெடலை விடவே மாட்டார், அது அவர் முகம். அவர் கண்ணை மேலே செருகிக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பிடித்துவைத்திருக்கிற நேரத்தில் ஒருவர் வெற்றிலை மடித்துப் போட்டு ஒரு முறை துப்பியும் வரலாம்.

ஒன்பது வருசமும் இரண்டாவதாக வந்தவள் இன்பென்டா கர்டோசா. சட்டை பிளவுஸ் தைக்கிறவள், முப்பத்தொன்பது வயசு. உடைந்துபோன வல்லத்திலிருந்து ஒரு நீளப் பலகையை எடுத்து, அதில் வெள்ளையும் கறுப்புமாக எண்பத்தெட்டுக் கட்டைகளைப் படகுப் பெயின்டில் வரைந்து, மத்தியானம் தையல் முடிந்ததும் அதில் உட்கார்ந்து பழகுவாள். சத்தத்தை அவள் மனசுக்குள் கேட்டுக்கொள்வாள், நாங்கள் டக் டக்கென்று மரத்தைத்தான் கேட்போம், மேல் பக்கத்து ஒரு கட்டையில் பழைய வல்லத்து ஆணி ஒன்று இருந்ததால் அங்கே மட்டும் டிங் என்று கேட்கும். வருசத்தில் ஒரு நாள், போட்டி மேடையில்தான், நிஜக் கட்டை அவள் விரலில் படும். ஒரே ஒரு வருசம் சாவி கையில் கிடைத்தால் போதும் என்று அவள் வேண்டாத நாள் இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு திருநாளன்று நடந்ததுதான் விஷயம்.

முதலில் வாஸ் வீட்டு இரட்டைப் பிள்ளைகள் ஒருத்தி பின் ஒருத்தியாக ஏறினார்கள். முன்னவள் வாசித்தபோது பின்னவள் சத்தமும், பின்னவள் வாசித்தபோது முன்னவள் சத்தமும் வந்திருக்கிறது, அதை நாங்கள் ஒரு மாசம் கழித்துத்தான் யோசித்துக் கண்டுபிடித்தோம். அடுத்து ஏறினது பாடற்குழு மாஸ்டர் லாரன்ஸ். அவர் விரல்கள் எங்கேயும் நிற்காமல் ஓடின, சத்தம் மட்டும் பக்கம் திருப்புகிற ஒவ்வொரு இடத்திலும், வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி தயங்கி நின்று பிறகு உள்ளே போனது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிலோ எழுந்துவிட்டாள்.

"ஏங்க, அது நானுல்லா!"

அவள்தான். ஒரு வீட்டுக்கு ஒரு பியானோக்காரர் போதும் என்று அவர் சொன்ன நாளிலிருந்து இருபது வருசமாகக் கட்டையைத் தொடாதவள், அவள் தயக்கம் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. மாஸ்டர் வேர்த்து வழிய இறங்கி வந்தார்.

பிறகு இன்பென்டா உட்கார்ந்தாள், கையை வைத்தாள், வந்தது ஹைஜினஸ். மடிப்புக் கலையாத அதே வாசிப்பு, முடிவில் வெற்றிலை போட்டுத் துப்புகிற நீளத்துக்கு அதே பெடல்; இன்பென்டா காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு எழுந்தும் நின்றுவிட்டாள், சத்தம் விடுவேனா என்று நின்றது. முன்வரிசையில் ஹைஜினஸ் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துங்க! அது என் வாசிப்பு! அந்த மார்க்கு எனக்கு!"

"அப்போ ஒன் மார்க்கு யாருக்குன்னு வாசிச்சுக் காட்டேன்" என்றாள் மீன் விற்கிற ரெஜீஸ் அக்கா, இன்பென்டா வீட்டுக்குப் பக்கத்து வீடு, வாயைத் திறந்தால் கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்கும்.

ஹைஜினஸ் ஏறினார், சட்டைக் கையை மடித்தார், கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொன்னார், பத்து விரலையும் இறக்கினார்.

டக் டக் டக் டக் டக்.

எல்லாருக்கும் பொதுவான போட்டிப் பாட்டின் பதினாறு பக்கத்துக்கும் மரம். எங்கள் பிள்ளைகள் தொட்டிலில் கேட்டுத் தூங்குகிற அதே பலகை. பதினொன்றாம் பக்கத்தில் மேலே எட்டி ஒரு கட்டையைத் தொட்டார் பாருங்கள், டிங் என்றது ஆணி.

"அடியே இன்பென்டா, ஒன் பலகை!" என்றாள் ரெஜீஸ் அக்கா.

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவரம்மா பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டார். ஹைஜினஸ் எழுந்து, உப்புக்காற்றில் பியானோ பழுதாகிவிட்டது என்று அறிவித்தார். பங்குச் சாமியார் என்ன செய்வார் பாவம், இந்த வருசம் முடிவு இல்லை, முடிவு இல்லாவிட்டால் சாவி பழைய ஆளிடமே இருக்கும் என்று சொல்லிவிட்டார். இன்பென்டா பத்தாவது தடவையாகப் பலகைக்குத் திரும்பிப் போனாள்.

காரணத்தை ரெஜீஸ் அக்கா மறுநாள் காலையில் சாளை மீன் அலசிக்கொண்டே சொன்னாள். "இதுல அதிசயம் என்ன இருக்கு? யாரை ஜெயிக்கணும்னு உள்ளுக்குள்ள கறுவிக்கிட்டு உக்காருதோமோ, அவுக சத்தம் வருது. செசிலியம்மா விளையாடுதா."

பியானோ பழுது பார்க்கிறவர் ஒருவர் மதுரையிலிருந்து வந்து மூன்று நாள் தங்கி, உள்ளேயிருந்து ஒரு செத்த பல்லியையும் இரண்டு ஜெபமாலை மணியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு குறையில்லை என்று போய்விட்டார். குறையில்லைதான், பழுது பார்க்க மூடி திறந்திருந்த அந்த மூன்று நாளும் யார் வாசித்தாலும் அவரவர் சத்தமே வந்தது, போட்டி என்று உட்கார்ந்தால் மட்டும்தான் இந்த வேலை. ஊர்க் கமிட்டி கூடியது, பரிசு கைக்கா சத்தத்துக்கா என்று விடியக் காலையிலிருந்து உச்சி வெயில்வரை சண்டை போட்டது, கடைசியில் கப்பை வாங்குவது கைதானே, அதனால் கைக்குத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. அவ்வளவுதான், அதன் பிறகு யாரும் ஆச்சரியப்படவில்லை, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

வேலை என்றால் என்ன வேலை! தன் சத்தம் யாரிடம் போகுமோ, யார் சத்தம் தன் கையில் வருமோ என்று பயந்து நாலு பேர் போட்டியிலிருந்து பெயரை எடுத்தார்கள், எதை மறைக்கிறார்கள் என்று ஊர் அதைவிடக் கேவலமாகப் பேசவே நாலு பேரும் திரும்ப வந்து பெயரைக் கொடுத்தார்கள். தன் பிள்ளை ஜெயிக்க வேண்டுமென்றால் எதிர்வீட்டுப் பிள்ளை நன்றாக வாசிக்க வேண்டும் என்பது தாய்மாருக்குப் புரிந்துபோனது, அன்றிலிருந்து நண்டு ரசம் தெருவைக் குறுக்கே கடந்துகொண்டே இருந்தது. வாஸ் வீட்டு இரட்டையர் ஒருத்தியை ஒருத்தி காலையில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். லாரன்ஸ் மாஸ்டர் சமையற்கட்டுக்குள் நுழைந்து, "நீ போயிப் பழகு தாயி, கொழம்பை நான் பாத்துக்கிடுதேன்" என்று பிலோவைப் பிடித்து ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார வைத்தார். அவர் வைத்த குழம்பைத் தின்றும் பிலோ உயிரோடு இருந்ததுதான் அந்த வருசத்தின் நிஜ அதிசயம் என்றாள் ரெஜீஸ் அக்கா.

நாற்பது நாள் ஹைஜினஸ் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நாற்பத்தோராம் நாள் இன்பென்டா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாங்கண்ணே. பேன்டா, சட்டையா?"

"தைக்க வரல. மண்டபத்துல உப்புக்காத்து ஜாஸ்தி. தினமும் ஒருத்தர் வாசிக்கலன்னா கம்பி துருப்பிடிச்சுரும். எனக்கு இந்தத் தோள்பட்டை வேற..."

"எந்தத் தோள்பட்டை?"

அவர் வலது தோளைத் தொட்டார், பிறகு யோசித்து இடது தோளையும் தொட்டுக்கொண்டார். "சாவியை அடுத்த திருநாள் வரைக்கும் நீ வச்சுக்கோ."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "ஏ ஹைஜினஸு, பலகைய வாசிச்சு மானம் போச்சு, இந்தத் தடவை நல்ல சத்தமாப் பழகி வையி தாயின்னு நேராச் சொல்லிட்டுக் குடேன்!"

"இசை ஒரு ஜெபம், ரெஜீஸ்."

"ஆமா, ஜெபமாலையிலயும் நீதான முதல்ல முடிக்கணும்னு மூச்சு முட்டச் சொல்லுத."

இன்பென்டாவுக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் சாவி அவர் இடுப்புச் சூட்டோடு அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தபோது அவளுக்குத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. மறுநாள் மத்தியானம் மண்டபத்தைத் திறந்தாள், மூடியைத் தூக்கினாள், ஒரே ஒரு கட்டையை அமுக்கி, அந்தச் சத்தம் முழுசாகக் கரைந்து காற்றாகிப் போகும்வரை விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள், பிறகு அடுத்த கட்டை, பிறகு அடுத்தது, இப்படியே எண்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தபோது மாலைப் பூசைக்கு மணி அடித்துவிட்டது. அன்றைக்கு அவள் வேறெதுவும் வாசிக்கவில்லை.

சாவியைக் கொடுத்தாரே தவிர, ஹைஜினஸ் அதோடு விடுகிற ஆளா? மறுவாரத்திலிருந்து பழகுவதை அடியோடு நிறுத்தினார். விரல்களுக்கு வித்தை மறந்துபோக வேண்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டே கடற்கரையில் நடந்தார், வேர்க்கடலையை உரித்துக் கொடுத்தால்தான் தின்றார், சட்டைப் பொத்தானைத் தம்பி மனைவி போட்டுவிட வேண்டியிருந்தது. ஊருக்கு விஷயம் விளங்க இரண்டு நாள் ஆயிற்று, விளங்கியதும் ரெஜீஸ் அக்கா மீன் கூடையை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடினாள்.

"அடி பாவி மக்கா, நல்லா வாசிக்காதடி! நீ நல்லா வாசிச்சா அவன் கையில ஒன் சத்தம் வரும், அவன் ஜெயிப்பான். அவன் துருப்பிடிச்சுக் கெடந்தா ஒன் கையில அந்தத் துரு வரும், நீ தோப்ப. நீயும் ஒரு வருசம் தகரம் தட்டுத மாதிரி தட்டு!"

இன்பென்டா முயன்று பார்த்தாள். மூன்று நாள் தப்புத் தப்பாகத் தட்டினாள், மூன்றாம் நாள் அழுதுகொண்டே ரெஜீஸ் அக்காவிடம் வந்தாள்.

"முடியலக்கா. தப்பா வாசிக்கணும்னுதான் உக்காருதேன். காது விடமாட்டேங்கு."

"சாவி போயிரும்டி."

"தெரியும்."

"திரும்ப அந்தப் பலகைதான்."

"அது இனிமே என்னால ஆகாதுக்கா. முன்ன சத்தம் தெரியாது, நானா மனசுல ஒண்ணைக் கேட்டுக்கிட்டேன். இப்பத் தெரிஞ்சுபோச்சுல்லா."

ரெஜீஸ் அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, மண்டபத்துப் பக்கம் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

அதன் பிறகு இன்பென்டா வாசித்தாள், அவ்வளவு நன்றாக வாசித்தாள், உப்பளத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள், பனிக்கட்டி லாரிக்காரன் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றான், பனிக்கட்டி பாதி உருகிற்று. சாப்பிடும்போது மட்டும் அவள் செல்போனைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையோ பார்ப்பாள், பார்க்கப் பார்க்க முகம் புளியங்காயைக் கடித்த மாதிரி ஆகும், என்னடி என்றால் ஒன்றுமில்லை என்பாள். ஹைஜினஸைப் பற்றிய கவலை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

திருநாள் வந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஹைஜினஸ் முதலில். ஒரு வருசம் எதையும் தொடாத பத்து விரல்களும் கட்டையின் மேல் கருவாடு மாதிரி விறைத்துக்கொண்டு இறங்கின, வந்த சத்தமோ இன்பென்டாவின் ஒரு வருச மத்தியானங்கள் அத்தனையும். மண்டபத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தொண்ணூற்றேழு போட்டார். ஹைஜினஸ் இறங்கிவந்து முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தன்னுடைய துருவைக் கேட்பதற்காகப் புன்னகையோடு காத்திருந்தார். வாங்கவேண்டிய சாவிக்காக உள்ளங்கை முழங்காலின் மேல் விரிந்தே இருந்தது.

இன்பென்டா ஏறினாள், ரெஜீஸ் அக்கா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

வந்த சத்தம் எங்கள் ஊர்ச் சத்தமே இல்லை. ஹைஜினஸின் துரு இல்லை, பிலோவின் தயக்கம் இல்லை, வாஸ் பிள்ளைகள் இல்லை, தப்பே இல்லாததால் முகம் பிடிபடவில்லை. அகலமாக விரித்துப் பிடிக்க வேண்டிய ஸ்வரங்களை மட்டும் ஒரேயடியாகப் பிடிக்காமல், சாக்கடையைத் தாண்டுகிற பிள்ளை மாதிரி கீழிருந்து மேலே ஒரு துள்ளல் துள்ளிப் பிடித்தது.

"சின்னக் கை" என்றார் லாரன்ஸ் மாஸ்டர். "எட்டாத கை."

"நம்ம ஊர்ல அவ்வளவு சின்னக் கை யாருக்கு?" என்று ஒருவரை ஒருவர் கையைப் பார்த்துக்கொண்டோம். ஹைஜினஸின் புன்னகை அதே இடத்தில் அதே அளவில் நின்றது, அதற்குள் இருந்த மனுசன் மட்டும் எங்கேயோ போயிருந்தார். நடுவரம்மா தொண்ணூற்றொன்பது போட்டுவிட்டு, நூறு போடுவது வழக்கமில்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

சாமியார் சாவியை எடுத்து நீட்டினார். இன்பென்டா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாள், மேடைப் படியிலேயே உட்கார்ந்து, பத்து வருசத்து அழுகையை ஒரே இடத்தில் வைத்து அழுதாள். கப்பை யாரோ வாங்கிப் பக்கத்தில் வைத்தார்கள்.

அப்போது ஹைஜினஸ் வந்தார். கப்பைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்க்கவில்லை.

"அது யாரு?"

"எதுண்ணே?"

"நான் ஒரு வருசம் ஒரு கடலையக்கூட உரிக்காம, ஒனக்காகத் துருப்பிடிச்சு வச்சிருந்தேன். வந்தது நான் இல்லியே. ஒனக்கு என் மேல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லண்ணே."

"ஒரு சொட்டு?"

இன்பென்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "சித்திரை வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் போயிட்டு."

யாரோடும் போட்டி போடாத ஹைஜினஸ் மிராண்டா, ஒன்பது கப்பு வாங்கிய ஹைஜினஸ் மிராண்டா, அந்தப் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடிப்புக் கலையாத சட்டையின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "எங்கிட்ட என்ன குறை கண்ட?" என்றார்.

அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. செல்போனை எடுத்துக் காட்டினாள். தூர தேசத்துப் பிள்ளை, கொரியாவோ ஜப்பானோ, ஒன்பது வயசு இருக்கும், முன்பல் இரண்டு இல்லை, கால் தரைக்கு எட்டாமல் பெட்டி மேல் பெட்டி வைத்து உயர்த்திய பெடலை மிதித்துக்கொண்டு, அதே பதினாறு பக்கத்தை மிட்டாய் தின்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள், முடித்துவிட்டு அந்தப் பொக்கை வாயால் ஒரு சிரிப்பு வேறு.

"இந்தச் சிரிப்புதான்ணே. சோறு இறங்க மாட்டேங்கு."

ஹைஜினஸ் பார்த்தார். கண்ணீர் காய்ந்தது. முகம் மெல்லப் புளியங்காய் கடித்தது.

"இரு, இரு. ஆறாவது பக்கத்துல வழுக்குதா பாரு. இந்தா, நின்னுட்டா!"

"நிக்கலண்ணே. டவர் இல்ல."

"மறுபடி போடு."

சாமியார் ஒலிபெருக்கியில் அவர்கள் இருவரையும் போட்டோவுக்குக் கூப்பிட்டார், மூன்று தடவை கூப்பிட்டார். இரண்டு தலையும் ஒன்றாக முட்டிக்கொண்டு ஒரு கைத்தல அகலக் கண்ணாடிக்குள் ஒரே ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருந்தன. லாரன்ஸ் மாஸ்டரும் பிலோவும் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள், வாஸ் பிள்ளைகள் தோளுக்கு மேலாக நுழைந்தார்கள், போட்டிக்குப் பெயர் கொடுக்கிற அத்தனை பேரும் அன்று மாலைக்குள் அந்தப் பிள்ளையைப் பார்த்து முடித்தார்கள், அத்தனை முகமும் ஒரே மாதிரி கோணிற்று. அடுத்த வருசம் எங்கள் ஊர்ப் பியானோவில் யார் உட்கார்ந்தாலும் என்ன சத்தம் வரும் என்பது அப்போதே ஊருக்குத் தெரிந்துவிட்டது, எல்லார் மானமும் எங்கேயோ கிடக்கிற ஒரு பொடிப்பிள்ளையின் பத்து விரலில் போய் உட்கார்ந்துவிட்டது என்பதும் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னால் கோயில் உபதேசியார், யார் யார் எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்ற கருத்துகளை வாசித்தார். இறந்தவர்களுக்காக இரண்டு, கடலுக்குப் போனவர்களுக்காக ஒன்று, பிறகு தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, "ஹைஜினஸ் மிராண்டா, இன்பென்டா கர்டோசா இருவரும் ஒப்புக்கொடுப்பது: பேர் தெரியாத, ஊர் தெரியாத, முன்பல் இரண்டு விழுந்த ஒரு பெண்பிள்ளை, காய்ச்சல் சளி இல்லாமல், விரலில் கதவு இடிக்காமல், தினமும் தவறாமல் பழகி வரவேண்டுமென்று" என்றார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். அவ்வளவு மனசோடு, அவ்வளவு ஒரே சுருதியில், எங்கள் ஊர் அதற்குமுன் எதற்கும் பதில் சொன்னதில்லை.